கல்லுக்கோயிலில் தப்பு அடித்த மாலை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். லேயாள் யாரிடமும் போய் நம்பச் சொல்லிக் கெஞ்சியதில்லை. கேட்டால் சொல்வாள். கேட்டவர் சிரித்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ஆனால் ஒன்று. அன்று மாலை அந்தக் கோயிலுக்குள் அவள் மட்டும் இருக்கவில்லை. ஆணும் பெண்ணும் குஞ்சும் குளுவானுமாகக் கோயில் நிறைந்திருந்தது. அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. அத்தனை பேர் மூச்சையும் அது பிடித்தது. அவர்களில் பாதிப்பேர் பிறகு அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. திறந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

நடந்தது 1956ஆம் ஆண்டு, ஐப்பசி மழை பிடித்த பிறகு.

இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைக்குப் போகிற பஸ் பாதைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவில் அந்தக் கிறிஸ்தவக் கோயில் இருந்தது. அதற்கு ஏதோ ஒரு புனிதரின் பெயர் உண்டு. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு அது கல்லுக்கோயில். தேயிலை வருவதற்கு முன், கோப்பித் தோட்டக் காலத்து வெள்ளைக்காரப் பெரிய துரை ஒருவர் கட்டியது. கருங்கல் சுவர். பலகைத் தரை. வாசலில் இருந்து பீடம் வரை நடுவே ஒரு நடைபாதை.

துரைமார் இருந்தவரை தமிழ் ஆராதனை கீழே தகரக் கொட்டகையில்தான் நடந்தது. மேலே துரைமார் அவ்வப்போது பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். நுவரெலியாவிலிருந்து துரைசானிமார் காரில் வந்து இறங்குவார்கள். பகல் சாப்பாடு முடிந்ததும் தொடங்கும், வெயில் இருக்கும்போதே முடிந்துவிடும். தோட்டத்துச் சனம் பாதையில் நின்று கேட்கலாம். படியேறக் கூடாது.

பிறகு சுதந்திரம் வந்தது. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். கோயில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடந்தது. கடைசியில் குருவானவர் அதைத் தமிழ்ச் சபைக்குத் திறந்துவிடச் சொன்னார். சாவி தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஆபிரகாமிடம் இருந்தது.

லேயாளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புள்ளக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுச் செல்லும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக வீரிட்டாலும் அவள் குரல் அதற்கு மேலே கேட்கும். வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையா எதிரே வந்தாலும் பாதையை விட்டு இறங்கமாட்டாள். "அந்தப் பொம்பளைக்கு முதுகெலும்பு ரெண்டு," என்று லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், சொல்வார்கள்.

சபையின் பாட்டுக்குழு அவள் கையில் இருந்தது. பத்துப் பெண்கள். ஆர்மோனியம் வாசிப்பவர் பொன்னையா உபதேசியார். நல்ல மனிதர், இலை அசைந்தாலும் திரும்பிப் பார்க்கிறவர். உச்சத்தில் பாடுகிறவள் லேயாளின் தங்கை மரியாள். பத்தொன்பது வயது.

கல்லுக்கோயிலுக்குள் தமிழில் ஒரு கச்சேரி வைக்க வேண்டும் என்று லேயாள் முடிவு செய்தாள். நவம்பர் கடைசி ஞாயிறு, மாலை ஆறு மணி. முதலில் பாட்டுகள். பிறகு ஜெபம். பிறகு மௌன வேளை. விளக்குகளைத் தணித்துவிட்டு, எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து, அவரவர் பாரத்தை மனசுக்குள் இறக்கி வைக்கிற நேரம் அது. அது முடிந்ததும் உபதேசியார் தாமே கட்டிய சாயங்காலப் பாட்டு, மெல்ல, நிதானமாக.

'மலை இறங்குது பொழுது சாமி, மனம் இறங்கி வா…'

சாவி கேட்கப் போனாள். கிளாக்கர் உடனே கொடுக்கவில்லை.

"பகல்ல பாடுங்க. இல்லாட்டிக் கொட்டகையில பாடுங்க. பொழுது சாஞ்சப்புறம் அந்தக் கோயிலுக்குள்ள பாட்டு வேணாம்."

"ஏங்கய்யா?"

"துரைமாரே பாடுனதில்ல."

"கொட்டகையில பாடிப் பாடி எங்களுக்கு மழையும் தகரமுந்தான் கை தட்டுச்சு. இனி அங்க போகமாட்டோம்ங்க. பகல்ல சனத்துக்கு ஏது நேரம்? ஞாயித்துக்கிழமதானே துணி தொவைக்கணும், கடைக்குப் போகணும்."

கிளாக்கர் எழுந்து சாவியை எடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் ஒத்திகை ஒரு புதன்கிழமை. வெளியே மழை கொட்டியது. ஆறு மணிக்கு லேயாள் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றினாள். புதியவை, ஒரு சாண் உயரம். பீடத்துக்கு முன்னால், நடைபாதை முடிகிற படிக்கட்டில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வேகமான பாட்டுகள் நன்றாக வந்தன. பிறகு மௌன வேளையையும் பழகிப் பார்க்கலாம் என்று எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

டொக்.

கோயிலின் கடைக்கோடியில், வாசல் பக்கம். மரம் ஈரத்தில் நெறிவதுபோல ஒரு சத்தம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உபதேசியார் சாயங்காலப் பாட்டைத் தொடங்கினார். இரண்டாவது அடியில் மறுபடியும் கேட்டது. டொக். அடுத்த அடியில், டொக். சரியாகத் தாளத்தில் விழுந்தது. நுனியில் இரும்பு போட்ட கம்பைப் பலகையில் ஊன்றுகிற சத்தம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். துரையின் கம்பு.

யாரும் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால் கோயில் இருட்டாக இருந்தது. மெழுகுவர்த்தி இரண்டும் அடியோடு உருகிக் கிடந்தன. தடவித் தடவி வெளியே வந்தார்கள். உபதேசியார் தீக்குச்சி கிழித்துத் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டே கால்.

ஐந்து நிமிடப் பாட்டு அது. ஏழு மணிக்குத் தேயிலை ஆலையான ஸ்டோரில் ஊதுகிற சங்கு மூன்று மைலுக்குக் கேட்கும். அவர்கள் ஒருவர் காதிலும் அது விழுந்திருக்கவில்லை.

"பாட்டுல லயிச்சுட்டோம்," என்றார் உபதேசியார்.

வாசலில் விட்டிருந்த லாந்தரை ஏற்றினார்கள். லாந்தர் வெளிச்சத்தில் லேயாள் பார்த்தாள். தங்கையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலமாக இருந்தது.

அடுத்த புதன். இந்த முறை லேயாள் கண்ணை மூடவில்லை.

வேகப் பாட்டுகள் முடிந்தன. மௌனம். உபதேசியாரின் விரல்கள் ஆர்மோனியத்தில் படிந்தன.

டொக்.

இப்போது வாசலில் இல்லை. நடைபாதையில் பாதி தூரம் வந்திருந்தது. அங்கே யாரும் இல்லை. வெறும் பலகை. இரண்டு பக்கமும் வெறும் பெஞ்சுகள்.

டொக்… டொக்…

பாட்டு அதைப் பிடித்துக்கொண்டு போனது. அல்லது அது பாட்டைப் பிடித்துக்கொண்டு போனது. இரண்டாவது சரணத்தில் லேயாளுக்கு ஒன்று உறைத்தது. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. பாட்டும் கூடவே இழுபட்டது. அது மட்டுமில்லை. தட்டு விழும்போதுதான் அவள் நெஞ்சு ஏறியது. அடுத்த தட்டு விழும்வரை மூச்சு காத்திருந்தது. நடுவில் ஒரு மூச்சு இழுக்க முயன்றாள். முடியவில்லை.

டொக்……

டொக்…………

அடுத்த தட்டு வரவில்லை. வரவே இல்லை.

மரியாள் வெட்டிய வாழையாகச் சாய்ந்தாள்.

லேயாள் நாக்கை அழுந்தக் கடித்தாள். வலியில் உடம்பு உதறியது. மூச்சு வந்தது. எட்டி உதைத்ததில் ஆர்மோனியம் அலறிக்கொண்டு புரண்டது. எல்லோரும் தண்ணீருக்குள்ளிருந்து தலை நீட்டியதுபோல மூச்சு வாங்கினார்கள். மரியாளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். வெளியே, ஈரக் காற்று முகத்தில் அடித்தபிறகுதான் அவள் நெஞ்சு அசைந்தது.

மறுநாள் பாட்டுக்குழுவில் பாதி வரமாட்டேன் என்றது. யாரையும் குறை சொல்ல முடியாது. உபதேசியார் கொட்டகைக்கே போய்விடலாம் என்றார். கிளாக்கர் சாவியைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினார். லேயாள் சாவியோடு தானே போனாள். கொடுக்கப் போகவில்லை.

"ஒங்களுக்குத் தெரியும். சொல்லுங்கய்யா."

"எனக்கென்ன தெரியும்? எங்கப்பா அந்தக் கோயில் வாசல்ல காவலுக்கு நின்னவரு. துரைமார் அஞ்சரைக்கு மேல உள்ள நிக்கமாட்டாங்கன்னு சொல்லுவாரு. யாரும் அவங்ககிட்ட காரணம் கேட்டதில்ல. நம்ம கேக்க முடியுமா?"

"அது யாரு? கோயிலக் கட்டுன அந்தப் பெரிய துரையா?"

"அப்பிடித்தான் சொல்லிக்கிறாங்க. கம்போட நடக்கிறாராம். விட்டுத் தொல லேயா. துரைமாரே பயந்து ஒதுங்கிப் போன விசயம்."

"அவங்க ஒதுங்கிப் போறதுக்கு பங்களா இருந்துச்சு. கார் இருந்துச்சு, கப்பல் இருந்துச்சு," என்றாள் லேயாள். "சுதந்திரம் வந்த கையோட எங்களுக்கு ஓட்டும் இல்லன்னுட்டாங்க. நாடும் இல்லன்னுட்டாங்க. செத்தவன் ஒருத்தன் வந்து மூச்சும் இல்லன்னா அதையும் கேட்டுக்கிட்டு எறங்கிப் போகணுமா?"

சாவி அவள் முந்தானையிலேயே இருந்தது.

பேச்சு சரி. ஆனால் என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை. தட்டு விழுந்தால் மூச்சு அதன் பின்னால் போகிறது. வேறு எதையும் உடம்பு கேட்பதில்லை. இதையே யோசித்துக்கொண்டு படுத்தாள். தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது.

விடிவதற்கு முன், தோட்டத்துப் பறைக்காரர் மாயாண்டியின் தப்பு கேட்டது.

தினமும் கேட்பதுதான். பெரட்டுக்கு, காலையில் வேலை பிரிக்கிற கூட்டத்துக்கு, ஆட்களை எழுப்ப லயம் லயமாக அடித்துக்கொண்டு போவார். டங்குடு டங்… டங்குடு டங். அந்தச் சத்தத்தில் தோட்டமே கண்ணை விழிக்கும். அன்று லேயாள் பாயில் உட்கார்ந்து தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் மரியாளின் முதுகிலும் கையை வைத்துப் பார்த்தாள். இரண்டு பேர் மூச்சும் தப்போடு சேர்ந்து ஓடியது.

அன்றே மாயாண்டி குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குப் போனாள்.

"மாயாண்டி அண்ணே, கோயிலுக்கு வந்து தப்பு அடிக்கணும்."

மாயாண்டி மாரியம்மன் கோயில் ஆள்.

"ஒங்க கோயில்லயா? சாவுக்கு அடிக்கிற கையின்னு சொல்லுவாங்களே, ஆயம்மா."

"சாவுக்கும் அடிக்கிறீங்க, கல்யாணத்துக்கும் அடிக்கிறீங்க. இந்தத் தோட்டத்துல தெனமும் எங்கள எழுப்புறது யாரு?"

அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எதையும் மறைத்துக் கூட்டிப்போக அவளுக்கு மனமில்லை. மாயாண்டி கேட்டுக்கொண்டே தப்பைக் கணப்பில் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஈரத்துல தோலு தொங்கிப் போகும். நெருப்புச் சட்டி ஒண்ணு பக்கத்துல வேணும்."

"வச்சுத் தர்றேன்."

"அது பெரிய துரைன்னா சொல்றாங்க?"

"அப்பிடித்தான் சொல்றாங்க."

"எங்க தாத்தன் அவரு கம்பால அடி வாங்குனவரு," என்றார் மாயாண்டி. "நான் வர்றேன்."

செய்தி பரவியது. கோயிலுக்குள் தப்பா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் விலகிப்போன பாட்டுக்காரிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மரியாளை வீட்டில் இருக்கச் சொன்னாள் லேயாள். "விழுந்தது நானு. எந்திரிச்சுப் பாடுறதும் நாந்தான் அக்கா," என்றாள் மரியாள். அவளுக்கும் முதுகெலும்பு இரண்டு.

நவம்பர் கடைசி ஞாயிறு. மழை இல்லை. மூடுபனி கோயில் கதவுவரை வந்து நின்றது. ஆறு மணிக்கு முன்பே பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. சிலர் ஆராதனைக்கு வந்திருந்தார்கள். சிலர் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார்கள். கிளாக்கர் ஆபிரகாமும் வந்தார். வாசலை ஒட்டிய கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தார். பீடத்தின் ஓரம் மாயாண்டி நெருப்புச் சட்டியோடு குந்தியிருந்தார்.

லேயாள் படிக்கட்டுக்குக் கீழே, நடைபாதை முடிகிற பலகையில் வெறுங்காலோடு நின்றாள். குழு அவள் பின்னால். அவளுக்கும் வாசலுக்கும் நடுவே நடைபாதை வெறிச்சென்று கிடந்தது.

முதல் பாட்டிலேயே சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தக் கருங்கல் சுவர் குரலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கொட்டகையில் ஒருநாளும் அவர்கள் குரல் இப்படி இருந்ததில்லை. முன் பெஞ்சில் ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மரியாளின் குரல் மேலேறிக் கூரையைத் தொட்டு நின்றது. இதற்காகவாவது வந்தோமே என்று லேயாள் நினைத்தாள்.

ஜெபம் முடிந்தது. உபதேசியார் சுவர் விளக்குகளைத் தணித்தார்.

மௌன வேளை.

ஒரு பிள்ளை சிணுங்கியது. யாரோ இருமினார்கள். பிறகு அதுவும் இல்லை. நெருப்புச் சட்டியில் கரி மட்டும் மெல்லப் பொரிந்தது.

டொக்.

கடைசிப் பெஞ்சுக்குப் பக்கத்தில்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோர் கழுத்தும் விறைத்ததை லேயாள் பார்த்தாள். கிளாக்கர் ஆபிரகாம் இரண்டு காலையும் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார், சின்னப் பிள்ளை மாதிரி.

டொக்.

இந்தப் பக்கம் வந்தது.

உபதேசியாரின் விரல்கள் தாமாகவே சாயங்காலப் பாட்டைத் தொடங்கின. குழு தானாகவே பாடியது. லேயாளின் வாயும் பாடியது. அவள் பாடவில்லை. வாய் பாடியது.

டொக்… டொக்…

பெஞ்சு பெஞ்சாகக் கடந்து வந்தது. அது கடந்த இடத்தில் விளக்குச் சுடர் சுருங்கியது. சிணுங்கிய பிள்ளை நிறுத்திக்கொண்டது. இருபக்கமும் தோள்கள் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின. கோயில் முழுவதற்கும் ஒரே நெஞ்சு.

டொக்……

மாயாண்டியைப் பார்த்தாள். அவர் தப்பை நெஞ்சோடு அணைத்திருந்தார். குச்சி பிடித்த கை பாதி உயர்ந்து அப்படியே நின்றது. கண் மட்டும் அவளைப் பார்த்தது.

அவருக்கும் மூச்சு இல்லை.

டொக்………

இரண்டு முழத் தூரம்.

சங்கு ஊதியது. ஊதியது என்று நினைத்தாள். எங்கோ, கிணற்றுக்கு அடியில் ஊதுவதுபோல… பிறகு அதுவும் இழுத்துக்கொண்டே போய் நின்றது.

டொக்…………

அவள் கால்களுக்கு நடுவில்.

சத்தம் காதில் விழவில்லை. உள்ளங்காலில் விழுந்தது. ஐஸ்போலக் குளிர் முழங்காலைத் தாண்டி ஏறியது. அடுத்த தட்டுக்காக நெஞ்சு காத்திருந்தது.

வரவில்லை.

பின்னால் மரியாளின் குரல் மெலிந்தது. நூலானது.

அறுந்தது.

'மாட்டேன்.'

லேயாள் காலைத் தூக்கினாள். கால் கல்லாகக் கனத்தது. தூக்கினாள். ஓங்கி மிதித்தாள்.

தட்டு விழாத இடைவெளியில் மிதித்தாள்.

மறுகால்.

மறுபடியும்.

பலகை அதிர்ந்தது. மாயாண்டியின் கண் சிமிட்டியது. கை இறங்கியது.

டங்.

டங்குடு டங்.

லேயாளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சையெல்லாம் பாட்டாக விட்டாள். அதே சாயங்காலப் பாட்டு. ஆனால் தப்பின் வேகத்தில். விடியற்காலை வேகத்தில். 'மலை இறங்குது பொழுது சாமி.' டங்குடு டங். 'மனம் இறங்கி வா.' டங்குடு டங்.

கீழே டொக் டொக் என்று அதுவும் வேகம் எடுத்தது. தப்பைப் பிடிக்கப் பார்த்தது. பிடித்து இழுத்துத் தன் வழிக்குக் கொண்டுவரப் பார்த்தது. மாயாண்டி அடியை மாற்றினார். அது தடுமாறியது. மறுபடியும் பிடிக்க வந்தது. அவர் மறுபடியும் மாற்றினார். அவர் நெற்றியில் வேர்வை ஓடியது. தோல் தளர்ந்தபோது ஒரு கையால் தப்பை நெருப்பில் காட்டிக்கொண்டே மறுகையால் சட்டியின் விளிம்பில் தாளத்தைத் தட்டினார். தாளம் அறவில்லை.

முன் பெஞ்சுக் கிழவர் எழுந்து காலால் மிதித்தார். அவர் பக்கத்தில் ஒரு பெண். பிறகு ஒரு பெஞ்சு. பிறகு எல்லோரும். கொழுந்து மலையில் ஏறி இறங்கிக் காய்த்துப்போன கால்கள் அந்தப் பலகைத் தரையை மிதித்தன. பிள்ளைகள் வீரிட்டு அழுதன. அதைவிட இனிய சத்தத்தை லேயாள் கேட்டதில்லை.

அவள் பின்னால் மரியாளின் குரல் எழுந்தது. கரகரத்து, உடைந்து, பிறகு மேலே.

கடைசியாக ஒரே ஒரு தட்டு. அவள் நின்ற பலகையில் விழுந்தது. உடம்பே தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்தாள். இடம் விட்டு ஒரு அடி நகரவில்லை.

பிறகு ஒன்றுமில்லை.

பாட்டு முடிந்தது. யாரும் உட்காரவில்லை. எல்லோரும் அவரவர் மூச்சை அவரவர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முடிச்சிரலாமா?" என்று உபதேசியார் மெதுவாகக் கேட்டார்.

"முதல்லேர்ந்து இன்னொரு தரம் பாடுவோங்கய்யா," என்றாள் லேயாள்.

பாடினார்கள்.

வெளியே வந்தபோது மணி எட்டு ஆகியிருந்தது. லேயாளுக்கு அரைகுறையாகக் கேட்ட ஏழு மணிச் சங்கு தங்களுக்கும் கேட்டது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கிளாக்கர் ஆபிரகாம் அதற்குப் பிறகு மாலை ஆராதனைக்கு வந்ததில்லை. சாவியை அவர் திருப்பிக் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து கல்லுக்கோயிலில் ஞாயிறுதோறும் மாலை ஆராதனை நடந்தது. மௌன வேளையையும் அவர்கள் விடவில்லை. ஆனால் அந்த நேரத்தில் மாயாண்டி ஓரமாக உட்கார்ந்து தப்பை விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டிருப்பார். சனம் அந்தத் தட்டலில் கண்ணை மூடிக்கொள்ளும். லேயாள் எப்போதும் அதே பலகையில்தான் நிற்பாள். டொக் என்ற சத்தத்தை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. துரை தோற்றுப் போய்விட்டார் என்று தோட்டத்தில் சிரித்துக்கொண்டார்கள்.

ஏழு வருடம் போனது.

1963இல் கோயில் பெஞ்சுகளில் கறையான் ஏறியது. தரையையும் கிளப்பிப் பார்த்துவிடலாம் என்று சபை முடிவு செய்தது. ஹட்டனிலிருந்து சரிபுதீன் பாஸ் தச்சு வேலைக்கு வந்தார்; மேஸ்திரியை அங்கே பாஸ் என்பார்கள். வெளியூர்க்காரர். இந்தக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை பகல் அவர் லேயாளுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் போனபோது நடைபாதைப் பலகைகளில் பாதி கழற்றிச் சுவரோரம் சாத்தியிருந்தது.

"ஆயம்மா, இந்தப் பலகையள முந்தி யாராவது கழட்டித் திருப்பிப் போட்டாங்களா?"

"இல்லிங்க. கட்டுன நாள்லேர்ந்து இப்பிடித்தான் கெடக்கு."

"அதான் நானும் நெனச்சேன். ஆணியெல்லாம் அந்தக் காலத்து ஆணி. ஒண்ணக்கூட யாரும் தொடல. அப்ப இத பாருங்க."

ஒரு பலகையைத் திருப்பிக் காட்டினார்.

மேல்பக்கம் வழுவழுப்பாக இருந்தது. அடிப்பக்கத்தில் குழி. வட்டமாக, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. அடுத்த பலகையிலும் அதே குழி. அதற்கடுத்ததிலும். வாசலிலிருந்து வரிசையாக வந்தது.

அத்தனையும் கீழேயிருந்து மேலே அடித்தவை.

லேயாள் குனிந்து பார்த்தாள். தரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அதற்குக் கீழே செம்மண். காய்ந்து, தூசி படிந்து கிடந்தது. எலி ஓடிய தடம்கூட இல்லை. ஒரு பூனை படுக்கலாம். அதற்குமேல் எதுவும் அங்கே இருக்க முடியாது.

"கடைசிப் பலகையத்தான் ஒங்களுக்குக் காட்டணும்னு கூப்புட்டேன்," என்றார் பாஸ்.

படிக்கட்டுக்கு முன்னால் இருந்த பலகை. லேயாள் ஏழு வருடமாக நின்ற பலகை. அதைத் திருப்ப அவருக்கு மனமில்லாததுபோல ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திருப்பினார்.

மற்றவற்றில் ஒன்றிரண்டு குழிகள்தான். இதில் குழிமேல் குழி. எண்ண முடியாது. பலகை அரைவாசிக் கனத்துக்குச் சல்லடையாகக் குடைந்து போயிருந்தது. சில குழிகள் கறுத்துப் பழசாகி இருந்தன. சில மங்கல். சில, உள்ளே மரம் வெள்ளையாக, சிராய் இன்னும் உதிராமல்…

பாஸ் ஒரு குழிக்குள் விரலை விட்டு எடுத்தார். விரலில் புது மரத்தூள் ஒட்டியிருந்தது.

"இது ரெண்டு மூணு நாளைக்குள்ள விழுந்தது ஆயம்மா."

இரண்டு நாளைக்கு முன்தான் ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலையும் அவள் அங்கே நின்று பாடியிருந்தாள். மாயாண்டியின் விரல்கள் தப்பில் ஓடிக்கொண்டிருந்தன. அவள் காலுக்குக் கீழே எதுவும் கேட்கவில்லை.

லேயாள் பலகையை விட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள்.

"இதுக்கு அங்கிட்டு இருக்க பலகையெல்லாம் எப்பிடி இருக்கு பாஸ்?"

அவர் போய் ஒவ்வொன்றாகக் கிளப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். படிக்கட்டு, பாட்டுக்குழு நிற்கும் இடம், பீடம்வரை பார்த்தார்.

"சுத்தமா இருக்கு. ஒரு கீறல் இல்ல."

"அப்ப நான் நின்ன எடத்தத் தாண்டி அது போகல."

"எது?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பலகை இல்லாத அந்த இடத்தில், செம்மண்ணின்மேல் இறங்கி, வெறுங்காலை ஊன்றி நின்று பார்த்தாள். மண் ஐஸ்போலக் குளிர்ந்தது.

"நல்ல கனமான பலகையாப் பாத்துப் போடுங்க," என்றாள். "ஞாயித்துக்கிழம சாயங்காலம் எங்களுக்குப் பாட்டு இருக்கு."